ரெட்ரோவைரஸ் பாடத்தை ராபர்ட் காலோவின் ஆய்வுப் பயணத்தோடு சேர்த்துப் படித்த அனுபவம்

நுண்ணுயிரியல் முதுநிலைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் பலர், ரெட்ரோவைரஸ் (தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருகும் வைரஸ் வகை) பகுதியை மூன்று முக்கிய மரபணுக்களில் தொடங்கி, வைரஸ் பெருகும் படிநிலைகளை மனப்பாடம் செய்து, கண்டுபிடித்தவர்களின் பெயர்களைக் கடைசியில் ஒரு பத்திக்குள் அடக்கிவிடுகிறார்கள். நான் அந்த வரிசையை மாற்றிக்கொண்டேன். மனித ரெட்ரோவைரஸ் ஆய்வின் முன்னோடியான அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் காலோவின் பணியை ஆண்டு வரிசையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கையில் என்ன கருவி இருந்தது, எது இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே படித்தேன். எழுத்துத் தேர்வைவிட வாய்மொழித் தேர்வில் இந்த முறை எனக்கு மிகவும் கைகொடுத்தது.

காலோ 1937இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் பிறந்தவர். தங்கையைச் சிறு வயதிலேயே இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவம் படித்து, 1965இல் பெத்தெஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தார். வாழ்க்கைக் குறிப்பில் இவ்வளவு தெரிந்தால் தேர்வுக்குப் போதும். அவர் சேர்ந்த காலத்தில் ஆய்வுலகம் எப்படி இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைப் பெய்டன் ரவுஸ் 1911இலேயே காட்டியிருந்தார். எலி, பூனை போன்ற விலங்குகளிலும் இத்தகைய வைரஸ்கள் தெரிந்திருந்தன. ஆனால் மனிதரில் அப்படியொன்று இருப்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. இருக்காது என்றே பலரும் எண்ணினர்.

1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை அறிவித்தனர். ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவை உருவாக்கும் இந்த நொதியை, வைரஸ் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கைரேகையாகவே காலோவின் ஆய்வகம் பயன்படுத்தியது. மனித உயிரணுவிலும் டிஎன்ஏவை உருவாக்கும் நொதிகளான டிஎன்ஏ பாலிமரேஸ்கள் இருப்பதால், அவற்றிலிருந்து வைரஸின் நொதியைப் பிரித்தறியச் நொதி பார்த்துப் படியெடுக்கும் செயற்கை ஆர்என்ஏ அச்சுகளைக் கொண்டு சோதிக்க வேண்டியிருந்தது. நொதிக்கு மெக்னீசியம் அயனி பிடிக்கிறதா, மாங்கனீசு பிடிக்கிறதா என்பதும் ஒரு துப்பாக இருந்தது. இந்தச் சோதனையின் தர்க்கம் புரிந்துவிட்டால், பின்னால் வரும் எல்லாக் கண்டுபிடிப்புகளும் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

நொதியைக் கண்டறிய வழி கிடைத்த பிறகும், நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளையணு வகையான மனித டி உயிரணுக்களை ஆய்வகத்தில் நெடுநாள் வளர்க்க முடியாத சிக்கல் மீதமிருந்தது. 1976இல் காலோவின் குழு, இன்று இன்டர்லியூகின்-2 என்று அழைக்கப்படும் டி உயிரணு வளர்ச்சிக் காரணியை விவரித்தது. பாடநூலில் இது நோய்த்தடுப்பியல் பகுதியில் வருவதால் மாணவர்கள் இதை ரெட்ரோவைரஸோடு இணைத்துப் பார்ப்பதில்லை. என் கருத்தில், இந்தப் பாடம் முழுவதையும் பிடித்து நிறுத்தும் அச்சாணியே இதுதான். இந்தக் காரணி இல்லாவிட்டால் அடுத்து வரும் எந்த வைரஸையும் வளர்த்துக் காட்டியிருக்க முடியாது.

இடையில் 1975இல் காலோவின் குழு அறிவித்த ஒரு மனித வைரஸ், குரங்கின வைரஸ்கள் கலந்ததால் வந்த மாசு என்று பின்னர் தெரியவந்தது. மாசைத் தவிர்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனைகள் பற்றிய வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பின்னடைவுக்குப் பிறகும் தேடலைத் தொடர்ந்த குழு, தோல் சார்ந்த டி உயிரணு லிம்ஃபோமா (டி உயிரணுக்களில் தோன்றும் ஒரு புற்றுநோய்) நோயாளியிடமிருந்து முதல் மனித ரெட்ரோவைரஸான எச்டிஎல்வி-1ஐப் பிரித்தெடுத்து 1980இல் வெளியிட்டது. ஜப்பானில் 1977இல் விவரிக்கப்பட்டிருந்த முதிர்ந்தோர் டி உயிரணு இரத்தப் புற்றுநோய்க்கும் இதே வைரஸே காரணம் என்பது விரைவில் தெளிவானது. 1982இல் அடுத்த மனித ரெட்ரோவைரஸான எச்டிஎல்வி-2 வந்தது.

மதிப்பெண்கள் அதிகம் கைநழுவும் இடம் 1983, 1984 ஆகிய ஆண்டுகள். எய்ட்ஸை உண்டாக்கும் ரெட்ரோவைரஸான எச்ஐவியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்கு ஒற்றைப் பெயரை எழுதுவது நேர்மையான விடையாகாது. வைரஸை முதலில் பிரித்தெடுத்து 1983 மே மாதம் வெளியிட்டவர்கள், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மாண்டான்யே உள்ளிட்ட குழுவினர். எய்ட்ஸுக்கு அந்த வைரஸே காரணம் என்பதற்கு வலுவான சான்றுகளை 1984 மே மாதம் நான்கு கட்டுரைகளில் அளித்தது காலோவின் குழு. 48 பேரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்ததும், எய்ட்ஸ் நோயாளிகளில் 88 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருளைக் கண்டதும், வைரஸைத் தொடர்ந்து வளர்க்க ஏற்ற உயிரணு வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் ஒரே வகை உயிரணுக்களை) உருவாக்கியதும் அவற்றில் அடங்கும். 1985இல் இரத்தப் பரிசோதனை நடைமுறைக்கு வர அந்த உயிரணு வரிசையே வழிவகுத்தது. காலோவின் ஆய்வகத்தில் வளர்ந்த வைரஸ் பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரியிலிருந்தே வந்தது என்பது 1991இல் தெளிவானதையும், 2008 நோபல் பரிசு பாரே-சினூசிக்கும் மாண்டான்யேக்கும் கிடைத்து காலோவுக்குக் கிடைக்காததையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரித்தெடுத்தல், காரணத்தை நிறுவுதல், பெருமளவில் வளர்த்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து எழுதினால் விடை தெளிவாக நிற்கும்.

சீனாவின் குவாங்சோவில் பிறந்து காலோவின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஃப்ளோஸி வாங்-ஸ்டால், எச்ஐவியின் மரபணுத் தொகுதியைப் படியாக்கம் செய்து அதன் மரபணுக்களின் பணியை ஆராய்ந்தவர். விடைத்தாள்களில் அவர் பெயர் அரிதாகவே இடம்பெறுவது எனக்கு வருத்தமளிக்கிறது. மரபணு அமைப்பு பற்றிய வினாவில் அவரைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

நேரம் மீதமிருந்தால் 1995ஆம் ஆண்டையும் சேர்த்துப் படியுங்கள். உடலிலேயே சுரக்கும் மூன்று கீமோகைன்கள் (நோய் எதிர்ப்பு உயிரணுக்களை ஈர்க்கும் சிறு புரதங்கள்) எச்ஐவியைத் தடுக்கின்றன என்று காலோவின் குழு அவ்வாண்டில் காட்டியது. அதே கீமோகைன்கள் பற்றும், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள சிசிஆர்5 என்ற ஏற்பிப் புரதம்தான், வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய முதன்மை ஏற்பியான சிடி4உடன் தேவைப்படும் துணை ஏற்பி என்பதைப் பல ஆய்வகங்கள் 1996இல் கண்டறிந்தன. வைரஸ் நுழையும் முதல் படியை வரைபடத்தோடு விளக்கச் சொல்லும் வினாவில், இந்த இரண்டு ஆண்டுகளையும் படத்தின் அருகிலேயே குறித்துவிடுவது என் வழக்கமாக இருந்தது.