இரண்டு சென்டிமீட்டர் ஆட்களின் ஊரில்

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள்தான். துறைமுகம், ஏரி, தேவாலயக் கோபுரம் என்று கூட வந்தவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மாதம் முன்பே மினியாட்டுர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். விஷயம் தெரிந்தால் "பொம்மை ரயில் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். தெரிந்தது. கேட்டார்கள்.

பொம்மை என்ற சொல் மாடல் ரயில்காரர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும். என் வீட்டிலும் ஓர் அலமாரித் தட்டின் நீளத்துக்கு ஒரு லேஅவுட் உண்டு. ஒரு நிலையம், இரண்டு தடம், பல வருடங்களாக முடியாமல் நிற்கும் ஒரு மலை. இரண்டாவது தடத்தில் இன்ஜின் ஏனோ பாதியில் படுத்துவிடும். விரலால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். படம் எடுக்கும்போது அதைச் சொல்வதில்லை. இதே பித்துப் பிடித்த நாலைந்து நண்பர்களும் நானும் எங்கள் லேஅவுட் படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். எல்லாப் படத்திலும் ஒரே குறை. பார்த்தவுடனே மேஜைமேல் பரப்பிய சாமான் என்று தெரிந்துவிடும். மரம் சரியாக இருக்கும், இன்ஜினில் துரு பூசியது சரியாக இருக்கும், ஆனால் படம் மட்டும் நம்ப வைக்காது.

யூ3 ரயிலில் பாம்வால் நிலையத்தில் இறங்கினேன். அந்தப் பகுதியில் வண்டி தூண்களின் மேல், துறைமுகத்தை ஒட்டியே ஓடுகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதுவே பாதி சுற்றுலா. பாலத்தைக் கடந்தால் ஷ்பைஷர்ஷ்டாட், அதாவது கிடங்கு நகரம். 1883இல் கட்டத் தொடங்கிய செங்கல் கிடங்குகள், மண்ணில் அடித்து இறக்கிய மரத்தூண்களின் மேல், கால்வாய்க் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. காப்பியும் மசாலாவும் கம்பளமும் படகில் வந்து, கப்பிக் கயிற்றில் மாடிக்கு ஏறிய இடம். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கிடங்குகளின் மாடிகளில்தான் உலகின் மிகப் பெரிய மாடல் ரயில் லேஅவுட் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது ஆரம்பித்த கதை எனக்குப் பிடிக்கும். பிரெடெரிக் பிரவுன் என்பவர் 2000ஆம் ஆண்டு சூரிக்குக்குப் போனபோது ஒரு மாடல் ரயில் கடைக்குள் நுழைந்தார். சின்ன வயது ஆசை தலைக்கேறிவிட்டது. உடனே இரட்டைச் சகோதரர் கெரிட்டுக்குப் போன் போட்டார். அப்போது இருவரும் ஹாம்பர்க்கில் இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்தவர்கள். கெரிட் முதலில் நம்பவில்லையாம். ஆனாலும் 2001 ஆகஸ்ட் 16இல் கதவு திறந்துவிட்டது. இன்றைக்குத் தண்டவாளம் மட்டும் 16 கிலோமீட்டருக்கு மேல். ரயில்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

உள்ளே எல்லாம் எச்ஓ அளவு, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் ஐரோப்பாவில் ஓடும் 1435 மில்லிமீட்டர் பாதை வந்துவிடும். ஐந்தே முக்கால் அடி ஆள் இங்கே இரண்டு சென்டிமீட்டர். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இதை என் கேமராவுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் இருநூறு படமாவது எடுத்திருப்பேன். க்னுஃபிங்கன் என்ற கற்பனை ஊர், அதன் தெருக்களில் தானாக ஓடும் தீயணைப்பு வண்டிகள், ஆஸ்திரிய மலைச்சரிவுகள், அமெரிக்கப் பாலைவனம். ஓரமாக உட்கார்ந்து புரட்டிப் பார்த்தால் இருநூறும் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த மாதிரி இருந்தன. என் அலமாரிப் படங்களின் அதே குறை, இன்னும் பெரிய அளவில்.

அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். ஒரு சிறிய நிலையத்தின் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், பிடிக்கத் தெரியவில்லை போல, உதவலாம் என்று பக்கத்தில் போனேன். நல்லவேளை, வாயைத் திறப்பதற்குள் அவருடைய திரையைப் பார்த்துவிட்டேன். நடைமேடையில் நிற்கும் பயணியின் தோளுக்குப் பின்னாலிருந்து, வளைவில் திரும்பி வரும் ரயில். அச்சு அசல் நிஜம்.

கைபேசியில் கேமரா மேல் ஓரத்தில் இருக்கிறது. தலைகீழாகத் திருப்பினால் அது தரையோடு தரையாக வந்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். பாதி ஆங்கிலத்திலும் மீதி சைகையிலும் கணக்கைச் சொன்னார். நின்றுகொண்டு எடுத்தால் என் கண் லேஅவுட்டுக்கு மேலே 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 87ஆல் பெருக்கினால் 52 மீட்டர்! ஏறக்குறைய பதினேழு மாடி உச்சியிலிருந்து ஊரைப் பார்க்கிறேன். அங்கேயிருந்து எந்த ஊரும் பொம்மையாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். தோளில் தொங்கிய என் பெரிய கேமராவைக் காட்டி, அது இங்கே வேண்டாம் என்றார். பெரிய சென்சார் பக்கத்துப் பொருளைத் துல்லியமாகக் காட்டி, பின்னால் இருப்பதை மங்கலாக்கிவிடும். நிஜமான ரயில் நிலையத்தைத் தூரத்திலிருந்து எடுத்தால் இன்ஜினும் மலையும் ஒரே தெளிவில் விழும். அந்த மங்கல்தான் "இது சின்னது" என்று மூளைக்குக் காட்டிக்கொடுக்கிறது. கைபேசியின் குட்டிச் சென்சாரில் முன்னும் பின்னும் ஓரளவு தெளிவாகவே வரும். பெரிய கேமராதான் வேண்டுமென்றால், ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்க வேண்டும். ஓடும் ரயிலுக்கு அது ஆகாது. அந்தக் கேமராவையும் லென்ஸையும் அன்று முழுக்க நான் சுமந்தது வீண் பாரம்.

கால் மணிக்கொரு தடவை அங்கே இரவு வருகிறது. கூரை விளக்குகள் மெல்ல அணைய, லட்சக்கணக்கான எல்இடிகள் ஜன்னல்களிலும் தெருவிலும் பூக்கின்றன. லேஅவுட் படத்துக்கு இரவு நல்ல நண்பன். பிளாஸ்டிக்கின் மினுமினுப்பு தெரியாது, ஒட்டிய இடங்கள் தெரியாது. பகலில் கூரை முழுக்க விளக்குகள் என்பதால் ஒவ்வொரு மரத்துக்கும் நாலு நிழல். ஊருக்கு ஒரே சூரியன் என்ற விதி அங்கே இல்லை. ஆனால் இரவில் வேறு தொல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேக ரயில் இந்த அளவில் நொடிக்கு 32 சென்டிமீட்டர் நகர்கிறது. கால் நொடி ஷட்டர் திறந்தால் 8 சென்டிமீட்டர் இழுத்துக்கொண்டு போய்விடும். என் இரவு ரயில்கள் எல்லாமே வெளிச்சக் கோடுகள். அதிலும் ஒன்று நன்றாகவே இருக்கிறது, தற்செயலாக.

விமான நிலையத்தைப் பற்றி எழுதாவிட்டால் போய்வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். 2011இல் திறந்தது, விமானங்கள் தாமாக நகர்ந்து, ஓடி, எழும்பி, சுவருக்குள் மறைகின்றன. கூட்டம் அங்கேதான் நெருக்கியது. பிரமாதம்தான். ஆனாலும் ரயில்காரனுக்கு விமானத்தில் என்ன இருக்கிறது? பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன்.

ஸ்காண்டிநேவியா பகுதி வேறு விதத்தில் யோசிக்க வைத்தது. அங்கே கடல் உண்மையான தண்ணீர், சுமார் 30,000 லிட்டர். கப்பல் போகிறது, ஏற்ற இறக்கம்கூட உண்டு. ஆனால் படத்தில் அதுதான் பொய்யாகத் தெரிந்தது. ஆளைச் சுருக்கலாம், இன்ஜினைச் சுருக்கலாம், தண்ணீர்த் துளியைச் சுருக்க முடியாது. கப்பலின் முன்னால் எழும் சிற்றலை தொட்டியில் எழும் சிற்றலையாகவே இருக்கிறது. ரெசின் ஊற்றி உறைய வைத்த பொய் ஆறுகள் படத்தில் இதைவிட நிஜமாக விழுந்தன. மலையிலும் இப்படி ஒரு சமரசம் உண்டு. 4,478 மீட்டர் மாட்டர்ஹார்னைக் கணக்குப்படி செய்தால் 51 மீட்டர் உயரம் வேண்டும். அங்கே இருப்பது கிட்டத்தட்ட ஆறு மீட்டர், இரண்டு மாடியைத் துளைத்துக்கொண்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. என் முடியாத மலைக்கும் இனி உயரம் ஒரு சாக்கு இல்லை.

போகும் நேரத்தில் பெரியவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் தந்தார். பிறகு நடந்தது எங்கள் நண்பர் வட்டத்தில் எப்போதும் நடப்பதுதான்: இருவரும் கைபேசியை நீட்டிக்கொண்டோம். அவருடையது வீட்டுப் பரணில், 'N' என்ற அளவு, அதாவது நிஜத்தில் 160இல் ஒரு பங்கு. 9 மில்லிமீட்டர் தண்டவாளம். ஒவ்வொரு படத்திலும் முதலில் குறையைத்தான் விரல் வைத்துக் காட்டினார். இங்கே கூரை கோணல், இங்கே சுரங்கவாய் சிறியதாகிவிட்டது. நானும் அப்படியே செய்தேன். அடுத்தவர் கண்டுபிடிப்பதற்குள் நாமே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அவர் பெருமையாகக் காட்டிய ஒரே படத்தில் ரயில் இல்லை. பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு எடுத்த படம். நீளவாக்கில் இரண்டு தடித்த ஒயர்கள், அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய இரண்டிரண்டு ஒயர்கள், நிறம் பிசகாமல், முனைக்கு முனை எண் ஒட்டி. தண்டவாள இணைப்புகளை மட்டும் நம்பினால் நாளடைவில் மின்சாரம் சரியாகக் கடக்காது, வண்டி தள்ளாடும் என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. உங்களுடையதை அனுப்புங்கள் என்று எண்ணைக் கொடுத்தார். அப்புறம் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் அலமாரிக்கு அடியில் கைபேசியைத் தலைகீழாக நுழைத்து ஒரு படம் எடுத்தேன். இடியாப்பம் தோற்றது. ஒன்றையும் ஒளிக்காமல் அப்படியே அனுப்பினேன். அன்றிரவே ஒரு வரி பதில் வந்தது: இடது மூலையில் ஒரு சிவப்பு ஒயர் எதிலும் சேராமல் தொங்குகிறதே, அது எங்கே போக வேண்டியது?

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது தடத்துக்கு.