பின்னிருக்கையிலிருந்து ஒரு சோதனை ஓட்டம்

வாங்கலாமா என்று பார்க்கப் போன கிராஸ்ஓவர் காரின் பின்கதவில், அம்மா இடது காலை உள்ளே வைத்துவிட்டு, வலது காலை எடுத்துவைக்க முடியாமல், மேல்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டார்.

விற்பனையாளர் அப்போது தொடுதிரையின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு அகலமாகத்தான் திறந்தது. ஆனால் பின்சக்கரத்தின் வளைவு திறப்பின் கீழ்ப்பகுதியில் உள்நோக்கி நீண்டிருந்ததால், பாதம் நுழைய வேண்டிய இடம் மட்டும் குறுகிக் கிடந்தது. விளம்பரப் படங்களில் இது தெரியாது. அவை எப்போதும் முன்பக்கத்தைத்தான் காட்டுகின்றன.

தனிச் சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்திய பழைய எஸ்யூவிக்கு மாற்றாக, காரைப் போன்ற ஒற்றைக் கட்டமைப்புடன் 1994-இல் டொயோட்டா ராவ்4 வந்தது; இவ்வகை வண்டியைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள். அன்று முதல் கிராஸ்ஓவர்களுக்குச் சொல்லப்படும் சிறப்புகளில் ஒன்று, ஏறி இறங்க வசதியான இருக்கை உயரம். அந்த வசதி எல்லாக் கதவுகளுக்கும் பொருந்துவதில்லை போலும்.

தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் அமர்ந்தேன். முன்னிருக்கையில் உணராத குலுக்கல், பின் அச்சுக்கு அருகில் இருப்பவரின் முதுகுக்கு நன்றாகவே தெரிகிறது. பின்நோக்கிய குழந்தை இருக்கையை, அதைப் பொருத்துவதற்கென்றே காரில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டியதும், முன்னிருக்கையை முன்னே தள்ள வேண்டியிருந்தது; அங்கே இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டை இடித்தது.

ஓட்டுபவர் ஒருவர், உட்கார்ந்து வருபவர்கள் நால்வர். இருந்தும் சோதனை ஓட்டத்தில் ஓட்டுபவரின் மகிழ்ச்சியே அளக்கப்படுகிறது.

அடுத்துப் பார்த்த வண்டியின் இன்ஜின் சற்று மந்தம்தான். ஆனால் அம்மா பிடியைத் தேடாமல் ஏறினார். உதிரிச் சக்கரம் உண்டா என்று கேட்டுவிட்டு, அந்த வண்டிக்கே முன்பணம் கட்டுவதாக இருக்கிறோம்.