ஊசி குத்திய பிறகு

பிப்ரவரி 4, செவ்வாய், விடியற்காலை

நேற்று நைட் டியூட்டி. பத்தரை மணி இருக்கும். ஒரு பெரியவருக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றப் போடும் குழாய்) கழன்றுவிட்டது என்று புதிதாகப் போட்டேன். நரம்பு கிடைத்து, ஊசியை உருவும் நேரத்தில் அவருக்கு இருமல் வந்து கை துள்ளியது. ஊசி கிளவுஸைத் துளைத்து என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. கிளவுஸுக்குள் ரத்தம் பரவுவது தெரிந்தது.

நான் வாய் திறக்கவில்லை. அவர்தான் கவனித்தார். கட்டிலுக்கடியில் மகன் பாய் விரித்துப் படுத்திருந்தான். அவன் தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “தாயி, முதல்ல போயி கையைக் கழுவு. நான் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுற ஆளு. இங்க யாருகிட்டயும் சொல்லல. வீட்டுலயும் தெரியாது.” ஏ.ஆர்.டி. என்றால் எச்.ஐ.வி.க்குப் போடும் மருந்து.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்றக் கூடாது. மாணவிகளுக்கு எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனாலும் கை நடுங்கியதில் சோப்பு நழுவி நழுவி விழுந்தது.

காஜுவாலிட்டியில் பெப் மருந்து, அதாவது இப்படி ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கப் போடுவது, எந்த நேரமும் இருக்கும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கலாம் என்பது கடைசிக் கெடு. 2 மணி நேரத்துக்குள் போடுவதுதான் நல்லது. டியூட்டி டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக் கொடுத்தார். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இப்போது எடுக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் ஊசி குத்துவதற்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். ஊசி குத்தியது என்ன செய்தது என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பாப்பா தூங்கின பிறகு, மொட்டை மாடியில். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், “பாப்பாவுக்கு நீ சோறு ஊட்டலாமா?” என்று கேட்டார். கேட்டதும் நெஞ்சு அடைத்தது. கோபமில்லை, அவர் வேறு யாரிடம் கேட்பார்? ஊட்டலாங்க, கட்டிப்பிடிச்சுத் தூங்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், எதிலும் பரவாது என்றேன். டெஸ்ட் முடியும் வரை நமக்குள் ஆணுறை வேண்டும், நான் ரத்த தானம் செய்யக் கூடாது, இவ்வளவுதான் என்றேன். “சரி” என்றார். காலையில் பாப்பாவுக்கு நான் ஊட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அத்தைக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

எந்த பெட் என்று வார்டில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கறையாகக் கேட்பவர்களும் உண்டு. ஒருத்தி மட்டும், “சொன்னாத்தானே நாங்க ஜாக்கிரதையா இருக்க முடியும்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒருவருடைய நிலை தெரிந்தால்தான் கிளவுஸ் போடுவோம், ஊசியை மூடாமல் நேராக ஊசி வெட்டும் கட்டரில் போடுவோம் என்றால், இத்தனை வருடம் நாம் செய்தது என்ன வேலை? எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி கையாள வேண்டும் என்றுதானே படித்தோம்.

2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மகன் பக்கத்தில் படுத்திருக்கும்போது, எனக்காக அதைச் சொன்ன மனிதர் அவர். இங்கும் அவர் ஊர், வயது, நோய் எதையும் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தூக்கமே பிடிக்கவில்லை. பயம் பாதி, மாத்திரை பாதி. டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் போடுங்கள் என்று டாக்டர் மாற்றிக் கொடுத்தார். குமட்டல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கணக்கெல்லாம் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்தே போடாவிட்டாலும், தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 3. பெரியவர் சம்மதத்துடன் ஏ.ஆர்.டி. சென்டரில் கேட்டதில், கடைசி டெஸ்டில் அவர் ரத்தத்தில் வைரஸ் கண்டறியும் அளவுக்கே இல்லை என்றார்கள். அப்படியானால் ஆயிரத்துக்கு 3-ஐ விடவும் எவ்வளவோ குறைவு. இருந்தும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஆயிரத்தில் மீதி 997 பேர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இன்று அவருக்கு டிஸ்சார்ஜ். மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில், “சாப்பிட்டியா தாயி?” என்று கேட்டார். சோற்றைக் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் போடுவது ஒரே மாத்திரை. ஆரம்ப காலத்தில் மருந்து வாங்க தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி வரைக்கும் ரயிலேறிப் போனாராம். இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில் நாட்டில் தொடங்கியபோது அதுவும் முதல் மையங்களில் ஒன்று. “அப்ப ரெண்டு வேளை போடணும். பாதம் ரெண்டும் எரியும், செருப்புப் போட முடியாது. இப்ப ஒண்ணே ஒண்ணு. நீ பயப்படாத. நான் இத்தனை வருஷம் இருக்கேன்ல?” என்றார். பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு. வேறொன்றும் இல்லை, வயல் வேலை செய்கிற கால்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தொண்டை வலி, லேசான காய்ச்சல். மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் வரலாம் என்று படித்தது முழுக்க ஞாபகம் வந்தது. கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவித் தோல் சிவந்துவிட்டது. பாப்பாவுக்கும் சளி, அத்தைக்கும் சளி. அது கண்ணில் படவில்லை.

எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகருக்கு போன் செய்தேன். காய்ச்சல் வந்தால் எச்.ஐ.வி. என்றும் இல்லை, வராவிட்டால் இல்லை என்றும் இல்லை, டெஸ்ட் மட்டும்தான் சொல்லும் என்றார். “கழுத்தைத் தொடணும்னு தோணும்போது எழுந்து போய் ஒரு வேலையைப் பாருங்க. போன்ல தேடுறதை நிறுத்துங்க. தாங்க முடியலன்னா எனக்குப் பேசுங்க, ராத்திரின்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097-க்குப் பேசுங்க” என்றார். நர்ஸ்தானே, உனக்குத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

நேற்றோடு மாத்திரை முடிந்தது. ஒரு நாளும் விடவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், மாறாகக் கை வெறுமையாகிவிட்ட மாதிரி இருக்கிறது. மாத்திரை போடுகிற வரை ஏதோ செய்துகொண்டிருந்தேன். இனிமேல் காத்திருக்க மட்டும்தான் முடியும்.

மார்ச் 17, திங்கள்

ஆறாவது வார டெஸ்ட். வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண், லாரி கிளீனர் மாதிரி ஒரு பையன், அப்புறம் நான். யூனிஃபார்ம் போடாமல் போனேன். முடிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பையன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். “தண்ணி குடிக்கிறியா தம்பி?” என்று பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தான்.

எனக்கு நெகட்டிவ். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, தாளை என் பக்கம் திருப்பி, பெயரைச் சரிபார்க்கச் சொல்லி, அப்புறம்தான் முடிவைக் காட்டினார். அழுதுவிட்டேன். வீட்டுக்காரருக்கு போன் செய்தபோதும் பேச வரவில்லை. “புரியுது, அழு” என்றார்.

மே 5, திங்கள்

மூன்றாவது மாதமும் நெகட்டிவ். மஞ்சள் காமாலை டெஸ்டுகளும் நெகட்டிவ். இந்தத் தடவை அழுகை வரவில்லை, பசித்தது. கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

பெரியவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ரெஜிஸ்டரில் போன் நம்பர் இருக்கும். ஆனால் மகன் எடுத்தால் என்ன சொல்வது? ஏ.ஆர்.டி. சென்டருக்கு நேரில் போய், அவர் அடுத்து மருந்து வாங்க வரும்போது எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அங்கிருந்த கவுன்சிலர் சிரித்தார். போன மாதமும், அதற்கு முந்தின மாதமும் வந்து, “அந்த சிஸ்டர் எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தை வாங்கினாராம்.

அடுத்த டெஸ்ட் ஆகஸ்டில். அதற்குள் வார்டுக்கு இன்னும் இரண்டு நீடில் கட்டர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்சார்ஜ் சிஸ்டரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.