ப்ளூ ஸ்கிரீனோட மல்லுக்கட்டின கதை

வீட்டு கம்ப்யூட்டர்ல ஏற்கனவே 8 ஜிபி ரேம் இருந்துச்சு, இன்னொரு 8 ஜிபி வாங்கி நானே மாட்டினேன். நாலு நாள் நல்லாதான் ஓடுச்சு. அஞ்சாவது நாள் வீடியோ எடிட் பண்ணிட்டிருக்கேன், பட்டுனு ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் நின்னுபோனா வர்ற நீலத் திரை), மெமரி மேனேஜ்மென்ட்னு போட்டுட்டு ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. மறுநாள் வேற எர்ரர், அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. தினமும் ஒரு பேரு வரவும் டிரைவர் கோளாறுன்னு முடிவு பண்ணி கிராபிக்ஸ் டிரைவர மாத்தி, அதுவும் சரிப்படலன்னு விண்டோஸையே புதுசா ஏத்தி, ஒரு சனி ஞாயிறு முழுசா போச்சு. ரேம்ல தப்பு இருக்கும்போது விண்டோஸ் ஏத்தினா ஏத்துற ஃபைலே கெட்டுப்போக வாய்ப்பிருக்குன்னு அப்ப மண்டைல உறைக்கல.

உண்மையான கோளாற காட்டிக்குடுத்தது ஒரு ஜிப் ஃபைல்தான். மொதல் தடவ பிரிச்சா சிஆர்சி எர்ரர் (ஃபைல் கெட்டிருக்குன்னு அர்த்தம்), அதே ஃபைல திரும்பப் பிரிச்சா ஒழுங்கா வருது. ஃபைல் கெட்டிருந்தா எப்பவும்தானே எர்ரர் வரணும்? அப்பதான் ரேம் மேல சந்தேகம் வந்துச்சு.

விண்டோஸ்ல இருக்கற மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டினேன், ஒண்ணும் இல்லன்னுடுச்சு. மனசு ஒப்பல. பென்டிரைவ்ல மெம்டெஸ்ட்86ங்கற ரேம் சோதிக்கற சாஃப்ட்வேர போட்டு, அதுலேர்ந்து பூட் பண்ணி, 4 பாஸும் (சோதனைச் சுத்து) ஓடட்டும்னு விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலைல பாத்தா முதல் பாஸ் சுத்தம், ரெண்டாவதுலேர்ந்து செவப்பு செவப்பா வரி.

சரி, புதுசுதான் டப்பான்னு நெனச்சு பவர் கேபிள உருவிட்டு, ஒவ்வொண்ணா தனித்தனியா மாட்டி டெஸ்ட் பண்ணேன். புதுசுல எர்ரர் இல்ல. பழசுலயும் இல்ல. ஸ்லாட்ட மாத்திப் போட்டாலும் இல்ல. ரெண்டையும் சேத்து மாட்டினா மட்டும் எர்ரர்! தலைய பிச்சுக்காத குறை.

அப்புறம்தான் பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேம அதுல போட்டிருக்கற முழு வேகத்துல ஓட்டற செட்டிங், ஆன்ல இருக்கறது ஞாபகம் வந்துச்சு. ரெண்டும் வேகம் 3200னு போட்ட டிடிஆர்4 ரேம்தான், ஆனா ஸ்டிக்கர உத்துப் பாத்தா ஒண்ணு சிஎல்16, இன்னொண்ணு சிஎல்18, அதாவது ரேம் பதில் தர எடுத்துக்கற தாமதம் வேற வேற. எக்ஸ்எம்பிங்கறதே ஒரு வகை ஓவர்கிளாக்தான் (வழக்கமான வேகத்துக்கு மேல ஓட்டறது), ஜோடியா விக்காத ரேம் அந்த வேகத்துல ஒத்துப்போகும்னு யாரும் கேரண்டி தரமாட்டாங்க. அத ஆஃப் பண்ணேன், 4 பாஸும் ஜீரோ எர்ரர். வேகத்த 3200க்கு பதிலா 2933னு வச்சு இன்னொரு ராத்திரி ஓட்டினேன், அதுவும் சுத்தம், அதுலயே விட்டுட்டேன். விண்டோஸ இன்னொரு தடவ ஏத்த வேண்டியதாப் போச்சு.

மூணு வாரமா ப்ளூ ஸ்கிரீன் இல்ல. அந்த ஜிப் ஃபைல மட்டும் இன்னும் டெலீட் பண்ணல, சந்தேகம் வரும்போதெல்லாம் ஒருதடவ பிரிச்சுப் பாத்துக்கறேன்.