மேடை நடுக்கத்தோடு பேசப் பழகிய கதை

பெயர் கூப்பிடுவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் எனக்குப் பெரும்பாடு. இன்னும் இரண்டு பேர், இன்னும் ஒருவர் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கை வியர்த்துக் கையிலிருக்கும் தாள் ஈரமாகிவிடும். "பயப்படாமப் பேசு" என்று எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டு யாருக்கும் பயம் போனதாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் மொழி ஆசிரியை. மேடை ஏறச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. முதலில் உட்கார்ந்த இடத்திலேயே பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து எழுந்து நின்று வாசிப்பு. அப்புறம் வகுப்பின் முன்னால் நின்று, பார்க்காமல் நாலு வரி. காலைக் கூட்டத்து மைக் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. கூச்சப்படும் பிள்ளையை எடுத்த எடுப்பிலேயே மைக் முன்னால் நிறுத்துகிறவர்கள் இந்தப் பொறுமையைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதற்கிடையில் நானும் தேடிப் படித்தேன். பதறும்போது உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரப்பதால்தான் இதயம் வேகமாக அடிக்கிறது, கை நடுங்குகிறது. 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்களை மன அழுத்தத்துக்கு உள்ளாக்கிப் பார்க்க ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்கள் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும், பிறகு 5 நிமிடம் மனக்கணக்குப் போட வேண்டும். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களையே பதற வைக்க இது போதும் என்றால், என்னிடம் தனியாக ஒரு கோளாறும் இல்லை என்று தெம்பு வந்தது.

அதைவிட உதவியது உளவியல் ஆய்வாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு. பேசுகிறவர் தன் பதற்றம் அப்பட்டமாக வெளியே தெரிவதாக நினைக்கிறார். கேட்பவர்களுக்கோ அவ்வளவு தெரிவதில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது பேசியவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்களாம்.

சரி, நடைமுறையில் என்ன செய்தேன்? மெல்லிய தாள் கை நடுக்கத்தை ஊருக்கே காட்டிவிடும் என்பதால் உள்ளங்கை அளவு கெட்டி அட்டைக்கு மாறினேன். முதல் இரண்டு வாக்கியம் மட்டும் மனப்பாடம். மற்றதெல்லாம் அட்டையில் ஒற்றைச் சொற்களாக, பெரிய எழுத்தில். முழுப் பேச்சையும் உருப்போட்டால் ஒரு சொல் நழுவியதும் பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும். ஒத்திகை பார்ப்பது எப்போதும் நின்றுகொண்டு, வாய்விட்டு. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகையே இல்லை. காத்திருக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்வேன். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் படபடப்பு கொஞ்சம் தணியும்.

ஒருமுறை நடுவில் எல்லாம் மறந்துபோய் அப்படியே நின்றேன். குனிந்து அட்டையைப் பார்த்து, அடுத்த சொல்லைப் பிடித்துத் தொடர்ந்தேன். யோசித்துத்தான் நிறுத்தினாய் என்று நினைத்தேன் என்றாள் தோழி. இப்போது வகுப்பு விவாதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிரணி குறுக்கே கேள்வி கேட்கும்போது அட்டை கைகொடுக்காது. அதற்குத் தோழியை எதிரில் உட்கார வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.