ஸ்டென்ட் வைக்க ஒரு மணி நேரம், உதவிநிதிப் பாரம் முடிக்க நான்கு நாள்

அப்பாவுக்குப் பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி. வழி அடைத்து, மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. வயிறு மத்தளம்போல் உப்பிவிட்டது. உடனே அறுத்தால் வயிற்றில் மலம் சேரும் பை வைக்க நேரலாம், முதலில் ஸ்டென்ட் என்ற உலோகக் கம்பிவலைக் குழாயை வைத்து அடைப்பைத் திறப்போம், உடம்பு தேறியதும் கட்டியை எடுப்போம் என்றார் டாக்டர். சரி என்று கையெழுத்துப் போட்டோம்.

ஸ்டென்டை நாங்களே வாங்க வேண்டுமாம். சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). உதவிநிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கவுண்டருக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலை. "ஐசி (அடையாள அட்டை) காப்பி போதும்" என்றார் அங்கிருந்தவர். காப்பியோடு போனால் மதிய இடைவேளை, 2.45 வரை அடைப்பு. திறந்ததும் தாள்களைப் புரட்டிவிட்டு, "மூணு மாச சிலிப் காஜி எங்கே?" என்று சம்பளச் சீட்டைக் கேட்கிறார். காலையில் சொல்லியிருக்கலாமே! கோலாலம்பூரிலிருந்து ரவாங் வீட்டுக்கு ஓடி, ஜாமில் மாட்டித் திரும்பினால் கவுண்டர் மூடியாயிற்று. சனி, ஞாயிறு அப்பா மூக்கில் குழாயோடு கிடந்தார். அந்த இரண்டு நாளை என்னால் மறக்க முடியாது.

வார்டு மிஸி (தாதி) ஒருவர்தான் காப்பாற்றினார். "எல்லாப் பிள்ளைங்க சிலிப்பும் கேப்பாங்க தம்பி, அப்பாவோட கேடபிள்யூஎஸ்பி (சேமநிதி) கணக்கும் எடுத்துக்குங்க" என்றார். தங்கச்சியின் சிலிப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி அச்செடுத்தேன். திங்கள் காலை பாரத்தை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் போனால் கவுண்டரில் நிற்காதீர்கள். மருத்துவ சமூகநல அதிகாரியை நேரில் பார்த்து, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. கத்தி படவில்லை. மெல்லிய கம்பிவலையைச் சுருக்கி, ஆசனவாய் வழியாகக் கேமராவோடு, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே அடைப்புக்குள் விடுகிறார்கள். உடம்புச் சூட்டில் அது விரிகிறது. முழுக்க விரிய ஓரிரு நாள் ஆகும். குடல் ஓட்டையாகலாம், ஸ்டென்ட் நழுவலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நெஞ்சு படபடத்தது. அன்று மாலையே அப்பா விரிப்பெல்லாம் நனைத்துவிட்டுக் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டே துடைத்தார். வயிறு வடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபின் சாப்பாட்டில் கண் வையுங்கள். கீரை, சோளம், கச்சான் (கடலை) எல்லாம் ஸ்டென்டை அடைக்கக்கூடும். அத்தை ஆசையாக முருங்கைக்கீரை கொண்டுவந்து, நான் பார்ப்பதற்குள் அப்பா இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். அன்றிரவு நான் தூங்கவில்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மலம் இளக மருந்தும் தவறக்கூடாது. கடும் வலி, காய்ச்சல், காற்று நின்றுபோவது, எது வந்தாலும் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். ஸ்டென்டோடு கீமோவுக்குப் போகிறவர்கள் அதைக் கீமோ டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தால் குடல் ஓட்டையாகும் ஆபத்து கூடும்.

நேற்று கட்டியையும் ஸ்டென்டையும் ஒன்றாக எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பை வைக்கவில்லை.