கேட் (CAD) டிராஃப்டிங் வேலைக்கு மாறுகிறவர்கள் எதில் நேரம் செலவிட வேண்டும்

கம்ப்யூட்டரில் தொழில்நுட்ப வரைபடம் போடும் டிராஃப்டிங் பக்கம் வர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் வரைந்ததை வைத்து வேலை செய்யப் போகிறவர் யார்? லேத் ஓட்டுபவருக்கு வேண்டிய டிராயிங் வேறு, கம்பி கட்டுபவருக்கு வேண்டியது வேறு, பைப் வெல்டருக்கு வேண்டியது வேறு. அவர் உங்களுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்காமல் வேலையை முடித்தால் அது நல்ல டிராயிங்.

துறையைப் பொறுத்தே சாஃப்ட்வேர் அமையும். மெஷின் பாகங்களுக்கு சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், கிரியோ. கட்டடங்களுக்கு ஆட்டோகேடும் ரெவிட்டும். ஸ்டீல் ஸ்ட்ரக்சருக்கு டெக்லா. பைப்பிங்கில் ஐசோமெட்ரிக் டிராயிங் (மூன்று பரிமாணமும் ஒரே படத்தில் தெரிய வரைவது) ஒரு தனி வேலை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்துச் சான்றிதழ் சேர்ப்பதைவிட ஒன்றில் ஊன்றி நிற்பது மேல். வேறு வேலையிலிருந்து மாறி வருகிறவர்களிடம் ஏற்கெனவே ஒரு முதல் இருக்கிறது, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வெல்டிங் தெரிந்தவர் ஃபேப்ரிகேஷன் டிராயிங்குக்குப் போனால், டார்ச் உள்ளே நுழையுமா என்பது வரையும்போதே அவருக்குத் தெரியும். வயரிங் பார்த்தவர் பேனல் டிராயிங் போட்டால் கேபிள் வளைய இடம் விடுவார். பயிற்சி வகுப்பில் இது கிடைக்காது. பழைய வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் சில நாட்களைப் பென்சிலுக்குக் கொடுங்கள். ஒரு பொருளைப் பார்த்து முன் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றையும் வரைவது எளிய பாதி. இரண்டு தோற்றங்களைக் கொடுத்து மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சொன்னால்தான் கண் பழகும். கூடவே புரொஜெக்‌ஷன் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஃபர்ஸ்ட் ஆங்கிளில் மேல் தோற்றம் முன் தோற்றத்துக்குக் கீழே வரும், வலப்பக்கத் தோற்றம் இடது பக்கம் வரும். தேர்ட் ஆங்கிளில் மேல் தோற்றம் மேலேயே, வலது வலதிலேயே. அமெரிக்க வழக்கம் தேர்ட் ஆங்கிள், ஐரோப்பிய வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள். தாளின் விவரங்கள் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்கில் இருக்கும் கூம்புச் சின்னம்தான் எது என்று சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பாகத்தில் இந்தத் தவறு வெளியே தெரியாது. துளை ஒரு பக்கமாக ஒதுங்கிய பாகம் வந்ததும், கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பிய பாகம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்.

இந்தத் தொழிலின் உயிர் டைமென்ஷனில், அதாவது அளவு குறிப்பதில், இருக்கிறது. ஒரு சின்ன உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். 120 மி.மீ. நீளத் தகடு. இடது ஓரத்திலிருந்து 15, 45, 75, 105 மி.மீ. தூரத்தில் நான்கு துளைகள். எம்10 போல்ட் போக வேண்டும், அதனால் துளை விட்டம் 11. பொது டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் பிழை) ஐஎஸ்ஓ 2768, நடுத்தர வகுப்பு. இதில் 6-க்கு மேல் 30 வரையான அளவுக்கு ±0.2, 30-க்கு மேல் 120 வரைக்கு ±0.3.

புதியவர் பெரும்பாலும் சங்கிலி போல அளவு கொடுப்பார்: 15, 30, 30, 30. ஒவ்வொன்றுக்கும் ±0.2 உண்டு. கடைசித் துளை ஓரத்திலிருந்து 105-இல் இருக்க வேண்டும், ஆனால் நான்கு பிழைகள் கூடி ±0.8 வரை நகரலாம். டிராயிங்படி அது சரியான பாகம், திருப்பி அனுப்பவும் முடியாது. அதே துளைகளை ஒரே ஓரத்திலிருந்து 15, 45, 75, 105 என்று கொடுத்தால் கடைசித் துளைக்கு ±0.3 மட்டுமே. தகடு ஓரத்தை ஒட்டி உட்காரும் அமைப்பு என்றால், 11 துளையில் 10 போல்ட்டுக்கு ஒரு பக்கம் அரை மி.மீ. விளையாட்டுத்தான் இருக்கிறது. 0.3 நகர்ந்தால் போல்ட் இறங்கும், 0.8 நகர்ந்தால் இறங்காது. வரைந்த கோடுகள் இரண்டு டிராயிங்கிலும் ஒன்றேதான்.

இன்னொன்று: சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் கொடுத்துவிட்டு மொத்த நீளத்தையும் கொடுக்காதீர்கள். எந்த அளவை நம்புவது என்று மெஷினிஸ்ட் திணறுவார். ஒன்றை விட்டுவிடுங்கள், அல்லது அடைப்புக்குறிக்குள் போட்டு வெறும் தகவலுக்கு என்று காட்டுங்கள்.

இறுக்கமான டாலரன்ஸை எல்லா இடத்திலும் போடுவதும் அதே அளவு கெடுதல். 20 மி.மீ. ஷாஃப்ட் ஒரு துளையில் வழுக்கிச் சுழல வேண்டும் என்றால் எச்7/ஜி6 (துளைக்கும் ஷாஃப்டுக்குமான டாலரன்ஸ் வகுப்புகள்) பொருத்தம் சரி. துளை 20.000 முதல் 20.021 வரை, ஷாஃப்ட் 19.980 முதல் 19.993 வரை. இடைவெளி குறைந்தது 0.007, அதிகபட்சம் 0.041. அந்த ஷாஃப்டின் வெளியே தெரியும் முனைக்கும் அதே எண்ணைப் போட்டால், யாருக்கும் பயனில்லாத கிரைண்டிங் வேலைக்கு ஒருவர் பணம் கொடுக்கிறார்.

இனி ஆட்டோகேட். அன்றாட வேலைக்கு முப்பது சொச்சம் கட்டளைகள் போதும். லைன், பாலிலைன், ஆஃப்செட், ட்ரிம், எக்ஸ்டெண்ட், ஃபில்லட், மிர்ரர், அர்ரே, பிளாக் (திரும்பத் திரும்பச் செருகும் படத்தொகுப்பு), எக்ஸ்ரெஃப் (வெளி ஃபைலை இணைப்பது) என்று போகும் அந்தப் பட்டியலை ஒரு மாதத்தில் விரலுக்குக் கொண்டுவந்துவிடலாம். மூலையை வளைக்கும் ஃபில்லட்டில் ஆரம் 0 வைத்தால் இரண்டு கோடுகள் கூர்மையாகச் சேரும் என்பது போன்ற சின்ன வசதிகள் தானாக ஒட்டிக்கொள்ளும். அதிக நேரம் கேட்பவை ஒழுங்கு சார்ந்த விஷயங்கள்.

வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் எப்போதும் உண்மை அளவில் வரையுங்கள். ஸ்கேல் என்பது லேஅவுட்டில் (பிரிண்ட் எடுக்கும் தாள்) வியூபோர்ட்டின் (அதில் மாடல் தெரியும் சன்னல்) வேலை. ஸ்கேல் வைத்ததும் வியூபோர்ட்டைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் வீலின் ஒரு உருட்டில் 1:50 காணாமல் போகும். தாளில் எழுத்து 2.5 மி.மீ. உயரம் இருக்க வேண்டும் என்றால், 1:50 வரைபடத்தின் மாடல் ஸ்பேஸில் அது 125 மி.மீ. அனோடேட்டிவ் எழுத்து இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 3 மீட்டர் சுவர் 1:50-இல் தாளில் 60 மி.மீ. வர வேண்டும். 58 வந்தால் பிரிண்டரில் தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு விழுந்திருக்கிறது.

வெளியிலிருந்து வந்த பிளாக் பூதாகாரமாக அல்லது புள்ளியாக விழுந்தால் பதறாமல் தெரிந்த ஒரு அளவை அளந்து விகிதம் பாருங்கள். 25.4 என்றால் இன்ச் மி.மீ. குழப்பம், 1000 என்றால் மீட்டர் மி.மீ. குழப்பம். இன்ஸ்‌யூனிட்ஸ் என்ற அலகு அமைப்பை இரண்டு ஃபைலிலும் சரிபார்த்தால் தீரும். விட்டு விட்டு வரும் கோடு முழுக்கோடாகத் தெரிந்தால் எல்டிஸ்கேல் (கோட்டு வகையின் ஸ்கேல்) மதிப்பைப் பாருங்கள். பரப்பை நிரப்பும் ஹேட்ச் விழ மறுத்தால் எல்லைக்கோட்டில் எங்கோ மயிரிழை இடைவெளி இருக்கும், அல்லது கோடுகளின் இசட் உயரம் வேறுபட்டிருக்கும். பிளாக் உருவாக்கும்போது உள்ளிருப்பதை லேயர் (அடுக்கு) 0-வில், நிறத்தை பைலேயரில் (லேயரின் நிறத்தையே எடுக்கும் தேர்வு) வையுங்கள். அப்போது செருகும் லேயரின் குணத்தை அது ஏற்கும். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் தெரியாமல் வரைந்தது திரையில் இருக்கும், பிரிண்டில் வராது.

லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் அனுப்பும் முன், இரட்டைக் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கட்டளையை ஓட்டாமல் அனுப்பாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் அந்த இடத்தை இரண்டு முறை வெட்டக் கிளம்பும்.

எல்லாவற்றிலும் மோசமான பழக்கம் ஒன்று. கோடு 148.6 என்று காட்டுகிறது, தேவை 150. கோட்டைத் திருத்தாமல் டைமென்ஷன் எழுத்தில் 150 என்று தட்டிவிடுவது. தாள் சரியாகத் தெரியும். அந்த ஃபைலிலிருந்து நேராக வெட்டுகிறவருக்கு 148.6-தான் போகும். பின்னால் யாராவது பாகத்தை நீட்டினாலும் எண் 150 என்றே நிற்கும். இதை ஒருமுறை கண்டுபிடித்த செக்கர் அந்த டிராஃப்ட்ஸ்மேனின் எந்த எண்ணையும் அதன்பின் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

த்ரீடி மாடலிங்குக்குப் போகும்போது மூன்று கட்டுப்பாடுகள். ஸ்கெட்ச் (மாடலுக்கு அடிப்படையான தட்டை வரைவு) அளவுகளால் முழுவதும் கட்டப்பட்டிருக்க வேண்டும்: ஒரு புள்ளியை இழுத்தால் எதுவும் நகரக் கூடாது. ஸ்கெட்ச்சை ஆரிஜின் தளங்களோடு கட்டுங்கள், ஃபில்லட் உண்டாக்கிய விளிம்போடு கட்டாதீர்கள். அந்த ஃபில்லட்டை நாளை ஒருவர் நீக்கினால் அதன்மேல் நின்ற எல்லாம் சிவப்பாகும். ஃபில்லட்டும் சேம்ஃபரும் (விளிம்பைச் சாய்வாக வெட்டுவது) மாடலின் படிகளைக் காட்டும் மரவரிசையின் கடைசியில் வரட்டும்.

ஷீட் மெட்டலில் கணக்குத் தெரியாமல் சாஃப்ட்வேரை நம்புவது ஆபத்து. 2 மி.மீ. தகட்டில் வெளி அளவு 50, 30 கொண்ட எல் பிராக்கெட், உள்வளைவு ஆரம் 2, வளைவு 90 டிகிரி. கே ஃபேக்டர் (வளைக்கும்போது நீளம் மாறாத கோடு தகட்டின் தடிப்பில் எங்கே இருக்கிறது என்ற விகிதம்) 0.4 என்று வைத்தால் வளைவுக்கான நீளம் 1.5708 × (2 + 0.4 × 2), அதாவது ஏறத்தாழ 4.4. நேர்ப்பகுதிகள் 46-ம் 26-ம். விரித்த நீளம் 76.4. ஐம்பதையும் முப்பதையும் கூட்டி 80 என்று வெட்டியவருக்கு 3.6 மி.மீ. அதிகமாக வரும். கே ஃபேக்டர் தகட்டையும் டையையும் பொறுத்து மாறும் என்பதால், வளைக்கும் ஒர்க்‌ஷாப்பில் சோதனைத் துண்டு ஒன்றை வளைத்து அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சாஃப்ட்வேரில் முன்பே இருக்கும் எண் அவர்களுடைய மெஷினுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

கம்ப்யூட்டர் பற்றிச் சுருக்கமாக: 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, வீல் பொத்தான் உள்ள மவுஸ். பெரிய அசெம்பிளிக்கு 32 ஜிபி. கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம், ஏனென்றால் மாடலை மறுபடி கட்டும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது. பழக, இலவசமான ஃப்ரீகேட், லிப்ரேகேட் போதும். மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் கல்வி உரிமமும் உண்டு, அதில் சம்பள வேலை செய்யக் கூடாது.

வேலை தேடும்போது காட்ட, பயிற்சிப் புத்தகத்தில் இருந்ததை வரைந்த முப்பது தாள்கள் வேண்டாம். செக் செய்பவர்களுக்கு அந்தப் படங்கள் மனப்பாடம். கையில் எடுத்து அளக்கக்கூடிய ஒரு பொருளைப் பிரியுங்கள், பத்துப் பாகத்துக்குள் இருக்கட்டும்: சின்ன பெஞ்ச் வைஸ், ஒரு வால்வு. வெர்னியர், ரேடியஸ் கேஜ், திரெட் பிட்ச் கேஜ் வைத்து அளந்து வரையுங்கள். இரண்டு சம துளைகளின் மைய தூரத்தை நேராக அளக்க முடியாது. வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து ஒரு விட்டத்தைக் கழியுங்கள். வெர்னியர் 11.94 காட்டினால் டிராயிங்கில் 12 என்று போட வேண்டுமா என்பதை யோசியுங்கள். அந்த யோசனையே டிசைன் வேலையின் ஆரம்பம். திரெட் துளை 6.8 இருந்தால் அது எம்8-க்கு டேப் போடும் துளை என்று அடையாளம் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தாள், ஒரு அசெம்பிளி தாள், பாகப் பட்டியல். இப்படி இரண்டு தொகுப்புகள் இருந்தால் போதும்.

இன்டர்வியூவில் ஒரு பிரிண்டைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் வரையச் சொல்வது வழக்கம். உட்கார்ந்தவுடன் கோடு போடாதீர்கள். யூனிட், லேயர், டைமென்ஷன் ஸ்டைல் முதலில். பிரிண்டில் விடுபட்ட அளவு அல்லது ஒன்றோடொன்று மோதும் அளவு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கலாம். ஊகித்து வரைந்துவிடாமல் கேளுங்கள், கேட்க ஆள் இல்லையென்றால் குறிப்பாக எழுதி வையுங்கள்.

வேலை கிடைத்த முதல் மாதங்களில் புது டிராயிங் அதிகம் வராது. சிவப்புப் பேனாவில் திருத்திய பிரிண்டுகள் வரும். திருத்திய ஒவ்வொரு குறிக்கும் மஞ்சள் ஹைலைட்டர் போட்டுக்கொண்டே போங்கள், மஞ்சள் விழாத சிவப்பு ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஒரு துளையை நகர்த்தினால் அதோடு பொருந்தும் பாகத்தின் தாளையும் திறந்து பாருங்கள். முந்தைய ரிவிஷனில் மாற்றத்தைச் சுற்றிப் போட்ட மேகக் கோட்டை அழித்து, இப்போது மாறியதற்கு மட்டும் மேகமும் முக்கோணமும் போடுங்கள், ரிவிஷன் அட்டவணையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். ‘பொதுத் திருத்தங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் முழுத் தாளையும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும். ‘துளை மையம் 45 இருந்தது, 48 ஆனது’ என்று எழுதுங்கள். ஃபைலை வெளியே அனுப்பும்போது இ-டிரான்ஸ்மிட் மூலம் அனுப்பினால் எக்ஸ்ரெஃப், எழுத்துரு எல்லாம் கூடவே போகும். பழைய ரிவிஷன் பிடிஎஃப்பை அன்றே தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள், ஒர்க்‌ஷாப்பில் ஒட்டியிருக்கும் பழைய தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.